கொஞ்சம் செட்டில் ஆகட்டும்

“கேட்டிருந்தா நீ சரின்னுதான் சொல்லியிருப்ப” என்றேன்.

“அதான். சொல்லியிருப்பேன்” என்றாள்.

அன்றைக்குப் பேச்சு அதோடு முடிந்தது. காபி கப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஆளுக்கொரு லிஃப்டில் ஏறிப் போனோம். இரண்டு பேரும் சொன்னது ஒரே விஷயம்தான். என் பக்க நியாயம் என்று நான் எடுத்து வைத்ததை அப்படியே திருப்பி என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சென்னை பெருங்குடியில் வண்டி நகராமல் நிற்கும்போதெல்லாம் அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.

அவள் என்றே எழுதுகிறேன். காலேஜ் முடித்து நேராக என் டீமுக்கு வந்தவள், ஆறு வருடம் பக்கத்து சீட். மீட்டிங்கில் எல்லாரையும் போல என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், கேன்டீனில் அக்கா. ‘அவர்’ என்று எழுதினால் யாரையோ சொல்வது போல இருக்கிறது.

நடந்தது சின்ன விஷயம். 2024 ஏப்ரல், யாருக்கு என்ன மதிப்பீடு, யாருக்கு என்ன பொறுப்பு என்று முடிவு செய்யும் ரேட்டிங் கூட்டம். சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை வெளியிடும் வேலையை முன்னின்று நடத்தும் ரிலீஸ் லீட் இடம் ஒன்று காலியாக இருந்தது. அமெரிக்க கிளையன்ட், பில்லிங் சிஸ்டம். அந்த சிஸ்டத்தின் சந்து பொந்தெல்லாம் அவளுக்குத் தெரிந்த அளவு அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இதை அந்த அறையில் இருந்த யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். திரையில் எக்செல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெயர் இருந்த வரி வந்ததும் மேலே இருப்பவர் ஒருவர், “இவங்க இப்பதானே லீவ் முடிஞ்சு வந்திருக்காங்க, இல்ல?” என்றார். மகப்பேறு விடுப்பு முடிந்து அவள் வந்து அப்போது ஐந்து வாரம்.

நான்தான் பதில் சொன்னேன். “ஆமா. இந்த ரேட்டிங் சைக்கிள் வேண்டாம். கொஞ்சம் செட்டில் ஆகட்டும்.”

கர்சர் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

அவர் என்னைக் கேட்கவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பொதுவாகச் சொன்னார், அவ்வளவுதான். ‘ஆமா, வந்துட்டாங்க, நல்லாப் பண்றாங்க’ என்று சொல்லியிருந்தாலும் அதே பத்து வினாடிதான் ஆகியிருக்கும். ஆனால் நான் முந்திக்கொண்டேன். வேறு யாராவது முகம் சுளிக்கிற மாதிரி ஏதாவது சொல்வதற்கு முன்னால் நாமே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று அந்த நொடியில் தோன்றியது. இதை ஒரு உதவி என்றே நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. 2010-ல் என் மகன் பிறந்தபோது சட்டப்படி விடுப்பு 12 வாரம், அதாவது 84 நாள். 85-வது நாள் காலையில் கார்டை ஸ்வைப் செய்து உள்ளே போனேன். அந்த வாரமே என் மேனேஜர் கூப்பிட்டு, “ஒரு மாட்யூல் லீட் ஓப்பனிங் இருக்கு, எடுத்துக்கறீங்களா? முடியலன்னா சொல்லுங்க, பரவாயில்ல” என்றார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார். அவர் முடிப்பதற்குள் “எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். முடியாது என்று ஒருமுறை சொன்னால் அப்புறம் கேட்கவே மாட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் தெரிந்திருந்தது.

அடுத்த எட்டு மாதத்தை இங்கே முழுதாக எழுதப் போவதில்லை. பால் எடுக்க இடம் கிடையாது. ஏ4 பேப்பர் பண்டல்கள் அடுக்கிய ஸ்டேஷனரி அறைதான், வெளியே செக்யூரிட்டி அக்கா ஒருவர் காவலுக்கு நிற்பார். ராத்திரி கேபில் முன் சீட்டில் துணைக்கு ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்திருப்பார். பின் சீட்டில் நான் துப்பட்டாவை இழுத்து இழுத்து ஈரத்தை மறைத்துக்கொண்டு வருவேன். பையனுக்கு முதல் பல் முளைத்ததை அம்மா போனில் சொன்னபோது வேலை எதுவரை வந்திருக்கிறது என்று போனில் பேசும் ஸ்டேட்டஸ் கால் ஓடிக்கொண்டிருந்தது. “சரிம்மா, அப்புறம் பேசறேன்” என்று வைத்தேன். அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அதனால்தான் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் சரி என்பாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் சரி என்றவள்தான். முடியாது என்று சொல்ல வழியே இல்லாத கேள்வியை ஒருத்தியிடம் எதற்குக் கேட்க வேண்டும்? இந்த வாதம் இப்போதும் எனக்கு முழுத் தப்பாகத் தெரியவில்லை.

ஆனால் அந்த மாட்யூல் லீட் வேலைதான் என்னை அந்த எக்செல் ஓடும் அறைவரை கொண்டுவந்து விட்டது. 2010-ல் என் மேனேஜரும் என்மேல் இரக்கப்பட்டு ‘கொஞ்சம் செட்டில் ஆகட்டும்’ என்று எங்கோ சொல்லியிருந்தால்? இந்த இடத்துக்கு வரும்போது என் வாதம் எப்போதும் நொண்டுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இது அவ்வளவு அழகானது இல்லை. அந்த அறையில் ஒன்பது பேர், அதில் பெண் நான் ஒருத்திதான். இந்திய ஐ.டி. துறை ஊழியர்களில் பெண்கள் சுமார் 36 சதவீதம் என்று ஐ.டி. நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் சொல்கிறது. எங்கள் தளத்தில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால் அந்தக் கணக்கு சரி என்றுதான் படும். அந்த அறைக் கதவைத் திறந்தால் கணக்கு வேறு. அங்கே ஒருத்தியாக உட்கார்ந்துகொண்டு இன்னொருத்திக்காகப் பேசி, நாளைக்கு ஒரு ரிலீஸ் சொதப்பினால், ‘பொண்ணுக்குப் பொண்ணு சப்போர்ட்’ என்று ஒரு சிரிப்பு வரும். யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேனா? கொஞ்சம். எவ்வளவு கொஞ்சம் என்பதைத்தான் நாளுக்கு ஒரு விதமாக எடை போடுகிறேன்.

மே மாதம் கேன்டீனில் அவள் கேட்டாள். யார் சொன்னார்களோ தெரியாது, இந்த மாதிரி விஷயம் எந்த ஆபீசிலும் அறைக்குள் தங்குவதில்லை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” அக்கா என்று சேர்க்கவில்லை.

குழந்தை சின்னது, ராத்திரி கால், வார இறுதியில் ரிலீஸ் என்று அடுக்கினேன். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு, “ரிலீஸ் ஞாயித்துக்கிழமை காலைலதானே? அன்னைக்கு அவரும் வீட்ல இருப்பாரு, எங்கம்மாவும் இருப்பாங்க. எனக்கு அதுதான் ஈஸியே” என்றாள்.

அது உண்மை. கிளையன்டுக்குச் சனிக்கிழமை நள்ளிரவு என்றால் நமக்கு ஞாயிறு காலை ஒன்பதரை, அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் மாதங்களில் பத்தரை. ரிலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் ராத்திரி விழிப்பது என்று எனக்குள் ஓடிவிட்டது. அது என் பழைய புராஜெக்ட், என் 2010. அவளுடைய கடிகாரத்தை நான் பார்க்கவே இல்லை.

“ராத்திரி ஒன்பது மணி கால்தான் கஷ்டம்” என்றாள். “அதை ஏழு மணிக்கு மாத்த முடியுமான்னு கேட்டிருப்பேன்.”

“கிளையன்ட் ஒத்துக்க மாட்டாங்க.” யோசிக்காமல் வந்த பதில். அதன் பிறகுதான் முதலில் எழுதிய அந்த இரண்டு வரிகள்.

லீட் இடம் இன்னொருவருக்குப் போனது. திறமையானவர், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பொறுப்பேற்ற மூன்றாவது வாரம் கிளையன்டுக்கு ஒரு மெயில் போட்டார், காப்பி எனக்கும் வந்தது. என் மகளுக்கு எட்டு மாதம், இரவு ஒன்பது மணிக்கு நான் இருந்தால்தான் தூங்குகிறாள், இந்த கால் நேரத்தை இந்திய நேரம் மாலை ஏழு மணிக்கு மாற்றிக்கொள்ளலாமா? அங்கே அப்போது காலை ஒன்பதரை. அன்று மாலையே பதில் வந்தது, தாராளமாக என்று, கூடவே ஒரு இதயம். டீமில் எல்லாரும் ‘எவ்வளவு நல்ல அப்பா’ என்றார்கள். நானும் ஒரு இதயம் போட்டேன்.

அவருக்குக் கைக்குழந்தை இருப்பது ஏப்ரல் மாதமே அந்த அறையில் பாதிப் பேருக்குத் தெரியும், ஸ்வீட் பாக்ஸ் எல்லார் மேஜைக்கும் வந்திருந்தது. எனக்கும் தெரியும். அவர் பெயர் இருந்த வரி திரையில் வந்தபோது அது என் நினைவுக்கே வரவில்லை. அவர்மேல் குறை ஒன்றும் இல்லை, தன் தேவையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அவளும் அதைத்தான் கேட்டிருப்பேன் என்றாள்.

2017-ல் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் அதில் சேர்த்தார்கள். எங்கள் ஆபீஸ் ஒப்பந்தம் போட்ட காப்பகம் பழைய மகாபலிபுரம் சாலையின், அதாவது ஓ.எம்.ஆரின், எதிர்ப்பக்கம் இருக்கிறது. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் யூ-டர்ன் அடித்து நான்கு முறை போய் வருவது எப்படி என்று சட்டம் எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும். சரி, அதுவாவது இருக்கிறதே. எங்கள் காலத்தில் ஸ்டேஷனரி அறை. விடுப்பில் இருப்பவளை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது 1961 சட்டத்திலேயே இருந்தது. திரும்பி வந்தவளைப் பற்றி அன்பாகப் பேசுவதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை.

இதெல்லாம் இவ்வளவு நாள் கழித்துக் கிளம்பியதற்கு 2025 மார்ச் 8 ஒரு காரணம். ஊதா நிறச் சேலை, ரோஜா, கேக், பிறகு மேடையில் நான்கு நாற்காலி, ஒன்றில் நான். ‘பெண் தலைவர்கள் மற்ற பெண்களைக் கைதூக்கி விடுவது எப்படி’ என்று தலைப்பு. எச்.ஆர். ஸ்லைடில் முதலில் செவ்வாய்க்குப் போன மங்கள்யான் திட்டத்தின் படம், 2014 செப்டம்பரில் சேலை கட்டி, பூ வைத்து, சிரித்துக் கட்டிக்கொள்ளும் பெண்கள். இந்தப் படத்தை நானே இரண்டு முறை போட்டிருக்கிறேன். அதில் இருப்பவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று இஸ்ரோவே பின்னர் சொன்னதாகப் பிற்பாடுதான் படித்தேன். அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த பெண் விஞ்ஞானிகள் நிஜமாகவே இருந்தார்கள், ஆனால் உலகம் சுற்றியது இந்தப் படம்தான். நமக்குக் கொண்டாட ஒரு படம் கிடைத்தால் போதும், யார் என்ன வேலை செய்தார்கள் என்று விசாரிப்பதில்லை.

அடுத்த ஸ்லைடு ‘உடைந்த படி’. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் ‘லீன் இன்’ என்ற பெண்கள் அமைப்பும் சேர்ந்து அமெரிக்க நிறுவனங்களில் எடுக்கும் கணக்கு. முதல் மேனேஜர் பதவிக்கு 100 ஆண்கள் ஏறும்போது எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். 2019-ல் 72, 2024-ல் 81. பெண்கள் பின்தங்குவது உச்சியில் கண்ணாடிக் கூரையில் முட்டி அல்ல, அதற்கு வெகு கீழே முதல் படியிலேயே என்பது அதன் சாரம். அது அவர்கள் நாட்டுக் கணக்கு, இருக்கட்டும். திரையில் 81 என்று பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டு மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். மீதி 19 பேர் எங்கே போனார்கள் என்று பார்வையாளர்களில் ஒரு பெண் கேட்டாள். புதிதாகச் சேர்ந்தவள் போலிருக்கிறது. “நம்பிக்கை முக்கியம், தயங்காம கையைத் தூக்குங்க” என்று பதில் சொன்னேன். கைதட்டினார்கள்.

கேட்டவளிடம் தயங்காமல் கையைத் தூக்கு என்கிறேன். தூக்கியிருக்கக் கூடியவளின் கையை அவளுக்குத் தெரியாமல் கீழே அழுத்தியதும் நான்தான். அதை அன்று மேடையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் ‘எவ்வளவு நேர்மை’ என்று அதற்கும் கைதட்டியிருப்பார்கள், அது இன்னும் மோசமாக இருந்திருக்கும். இப்படியும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன்.

அவள் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். எக்ஸிட் இன்டர்வியூ பாரத்தில் காரணம் ‘பெட்டர் ஆப்பர்ச்சுனிட்டி’. என்னால்தான் போனாள் என்று நினைத்துக்கொள்வது ஒருவகையில் என்னையே பெரிதாக்கிக்கொள்வது. சம்பளம் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். கடைசி நாள் எனக்கு ஒரு செடி கொடுத்தாள், மணி பிளான்ட். அது நன்றாகத்தான் வளர்கிறது.

இந்த வருடம் இன்னொருத்தி விடுப்பு முடிந்து வந்தாள். வேறு புராஜெக்ட், அதிலும் ஒரு லீட் இடம். இந்தமுறை கேட்டேன். அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கால் நேரம், ரிலீஸ் நாள் எல்லாவற்றையும் சொல்லி, எதை மாற்ற வேண்டுமானாலும் சொல் என்றேன். நான் முடிப்பதற்குள், “எடுத்துக்கறேன். எதுவும் மாத்த வேண்டாம், மேனேஜ் பண்ணிப்பேன்” என்றாள்.

அந்த வேகம் எனக்குத் தெரியும். “முடியலன்னா சொல்லு, பரவாயில்ல” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யார் சொன்ன வார்த்தை இது என்று உறைத்தது.

போன வியாழக்கிழமை ராத்திரி பத்து மணி கால். அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு நொடி பின்னால் குழந்தை வீறிட்டது, உடனே மியூட். திரும்ப வந்தபோது குரலில் ஒரு மாற்றமும் இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சாட் பெட்டியைத் திறந்து, ‘நீ டிராப் ஆகிக்கோ, நான் பாத்துக்கறேன்’ என்று டைப் செய்தேன். அழித்தேன். ‘ஓகேவா?’ என்று மட்டும் டைப் செய்தேன். கேட்டால் ஓகே என்பாள். அதையும் அழித்தேன். கால் 10:40 வரை போனது.