நாக்கு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க தண்ணியில ஆரம்பிக்காதீங்க

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கேன்சர்னால நாக்குல இடது பக்கம் பாதிய எடுத்துட்டு முன்கைத் தோல வச்சு தச்சாங்க, மூச்சு விட தொண்டையில போட்ட ஓட்டையும் மூடிட்டாங்க. என் ஆத்திரமெல்லாம் டிஸ்சார்ஜ் அன்னிக்கு நடந்தது மேல தான். சாப்பாடு போற மூக்கு டியூப உருவிட்டு டியூட்டி டாக்டர் சொன்னது ஒரே வரி, "தண்ணியா குடிச்சு பழகுங்க, போகப் போக சரியாயிடும்". முழுங்க சொல்லிக்குடுக்க தெரபிஸ்ட்னு ஒருத்தர் இருக்காங்கன்னு யாரும் மூச்சு விடல.

வீட்ல தண்ணி, ரசம், இளநீர்னு குடுத்தாங்க. தண்ணி தான் லேசுன்னு எல்லாரும் நெனைக்கிறோம், ஆனா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அதான் ஆபத்து, நாக்கால புடிச்சு நிறுத்த முடியாம தொண்டை தயாராகுறதுக்குள்ள எறங்கி மூச்சுக்குழாய்க்கு போயிடும். எனக்கு இருமல் கூட பெருசா வரல. சாயங்காலமானா காய்ச்சல், நெஞ்சுல கரகரன்னு சத்தம், எக்ஸ்ரே எடுத்தா நிமோனியா. திரும்ப அட்மிஷன், திரும்ப மூக்குல டியூப்.

அப்ப தான் முழுங்கவும் சொல்லிக்குடுக்குற ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் மேடம் வந்தாங்க. எக்ஸ்ரேல தெரியுறதுக்காக பேரியம்னு ஒரு மருந்து கலந்து குடுத்து நான் முழுங்குறத எக்ஸ்ரே வீடியோவுல பாத்தாங்க, தண்ணி தப்பான வழியில போறது ஸ்கிரீன்லயே தெரிஞ்சுது, கெட்டித் தயிர் பதத்துல குடுத்தது ஒழுங்கா எறங்குச்சு. இந்த டெஸ்ட் எடுக்காம டியூப எடுக்க விடாதீங்க, கேட்டு வாங்குங்க.

அவங்க சொல்லிக்குடுத்தது இது: டீஸ்பூன்ல பாதி எடுத்து வலது பக்கம், அதாவது எனக்கு வெட்டாத பக்கம், உள்ள தள்ளி வச்சு, தலைய வலது பக்கமே சாய்ச்சு, மூச்ச புடிச்சுட்டு முழுங்கணும், முழுங்குன உடனே மூச்ச இழுக்காம இருமிட்டு இன்னொரு தடவ முழுங்கணும். யூடியூப் பாத்து நாடிய நெஞ்சுல ஒட்டி முழுங்காதீங்க, நாக்கு போனவங்க பலருக்கு அதுல சாப்பாடு முன்னாடியே வந்து வெளிய வழியும், உங்க டெஸ்ட்ட பாத்தவங்க சொன்னா மட்டும் செய்ங்க. தச்ச தோலுக்கு உணர்ச்சி கிடையாது, கன்னத்துல சோறு தங்குனாலும் தெரியாது, சாப்ட்டு முடிச்சதும் டார்ச் அடிச்சு கண்ணாடியில பாருங்க. அப்புறம் ஒரு 30 நிமிஷமாவது படுக்காம உக்காந்தே இருங்க.

குழைய மசிச்ச தயிர்சாதம் முதல் வாய் எறங்குனப்போ அம்மா பக்கத்துலயே நின்னு என் தொண்டையவே பாத்துட்டு இருந்தாங்க, நான் கைய தூக்கி காட்டுனதும் அழுதுட்டாங்க.

ரேடியேஷன் சமயத்துல வாயெல்லாம் புண்ணாகி எச்சில் வத்திப் போச்சு, டியூப்ல தான் சாப்பாடுன்னாலும் டாக்டர் வேணாம்னு சொல்ற வரைக்கும் முழுங்குற பயிற்சிய விடாதீங்க, விட்டா தொண்டை இறுகிடும். வாயத் தொறக்குற தாடை பயிற்சியும் அப்படித்தான். இட்லி மட்டும் எனக்கு இன்னும் உதிர்ந்து ஒட்டிக்குது, கெட்டியா கடைஞ்ச பருப்புல கொழச்சா போகுது.