இருமல் வராத பிள்ளை

அந்தப் பிள்ளை சாப்பிடும்போது ஒருநாளும் இருமியதில்லை. அதனாலேயே அவன் சாப்பாட்டைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

சிறப்பாசிரியராக வாரம் இரண்டு நாள் அந்த அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போவேன். அவன் அங்கே இரண்டாம் வகுப்பு. மூளை பாதிப்பால் தசைகள் சரியாக இயங்காத மூளை முடக்குவாதம் அவனுக்கு. மதியம் சத்துணவு அக்கா மடியில் சாய்த்து, சாம்பார் சாதத்தைத் தண்ணீராகக் கரைத்து, தலையை அண்ணாத்தி ஊட்டுவார். பத்து நிமிடத்தில் தட்டு காலி. மணி அடிப்பதற்குள் முடிந்ததே என்று எங்களுக்கு நிம்மதி.

ஆனால் மாதத்தில் பாதி நாள் வரமாட்டான். சளி, காய்ச்சல். மூன்றாவது தடவை நிமோனியா என்று சேர்த்தபோது, ஆஸ்பத்திரியில், விழுங்குவதையும் கவனிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் கேட்ட முதல் கேள்வி: "எப்படி ஊட்டுறீங்க?"

உணவு மூச்சுக்குழாயில் இறங்கினால் இருமல் வர வேண்டும். சில பிள்ளைகளுக்கு அந்த உணர்வு மங்கியிருக்கும். சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய்விடும். சாப்பிட்டதும் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் குரல் மாறும், கண் கலங்கும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். நீர்க்கக் கரைத்ததும், அண்ணாத்தியதும்தான் அவனுக்கு ஆபத்து.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா அழுதுவிட்டார். "நான்தானா டீச்சர் புள்ளையக் கெடுத்தேன்?"

"நாம எல்லாருந்தான்க்கா. யாரும் நமக்குச் சொல்லித் தரலையே."

எத்தனையோ பயிற்சிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஊட்டுவதைப் பற்றி ஒரு மணி நேரம்கூடப் பேசியதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தோம். கால் தொங்காமல் அடியில் இரண்டு செங்கல். தாடை லேசாகக் கீழே. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் மொத்தமாக விழும் பதத்தில் மசித்த சாதம். "கூழும் இல்ல, களியும் இல்ல, நடுவுல" என்று அக்காவே அதற்குப் பெயர் வைத்தார். கடுகும் கறிவேப்பிலையும் தொண்டையில் ஒட்டும் என்று, தாளிப்பதற்கு முன்பே அவன் பங்கை எடுத்துவைத்ததும் அவர் யோசனைதான். முட்டை மஞ்சள்கரு வறண்டு உதிரும். அதைப் பருப்போடு குழைத்தோம். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த அரைக் கரண்டி. முடிந்தபின் அரைமணி நேரம் படுக்க வைப்பதில்லை.

இப்போது சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம். மதியம் முதல் பாடத்துக்கு அவன் தாமதமாக வரலாம் என்று தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார்.

2023-இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலையில் சமைப்பவர்கள் மகளிர் குழுவினர், வேறு ஆட்கள். உதிரியான ரவை உப்புமாவோடு ஒரு பெண் அவனிடம் போனதைக் கேட்டு, அக்கா மறுநாள் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். நான் போனபோது அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து, பிள்ளையின் தொண்டையில் மெதுவாக வைத்துக்கொண்டிருந்தார். "ஏறுதா? இறங்கட்டும். இப்ப குடு."