58 யூரோ டிக்கெட்டும் 9101 மீட்டர் ஓட்டையும்

மொதல்ல அந்த பஸ்ஸ திட்டிடறேன், இல்லன்னா வயித்தெரிச்சல் அடங்காது. 2025ல ஜெர்மனியில மாசம் 58 யூரோ கட்டி டாய்ச்லாண்ட் டிக்கெட் வச்சிருந்தேன், லோக்கல் ரயில் எல்லாம் அதுலயே போகலாம், நியூரம்பெர்க்ல இருந்து விண்டிஷெஷன்பாஹ் வரைக்கும் அஞ்சு பைசா செலவில்லன்னு கணக்குப் போட்டு கெளம்பினா வைடன்ல எறக்கி விட்டுட்டானுங்க. தண்டவாள வேலையாம், பதிலுக்கு பஸ்ஸாம். எங்க நிக்கும்னு ஒரு போர்டு கூட இல்ல. குளிர்ல முக்கா மணி நேரம் நின்னு ஏறினா ஹீட்டர் ஓடல, ஜன்னல் மூடல. ஊர் ஸ்டேஷன்ல டாக்ஸி புடிச்சா அந்தாளு ஊரையே ஒரு ரவுண்டு காட்டி 24 யூரோ வாங்கிட்டான். திரும்பி வரும்போது நடந்தே வந்தோம், அப்பதான் தெரிஞ்சுது எவ்ளோ கிட்டன்னு.

இவ்ளோ பாடுபட்டு பாக்கப் போனது ஒரு ஓட்டைய. கேடிபி-ன்னு சொல்லுவாங்க, ஜெர்மன்காரங்களோட ஆழ்துளைத் திட்டம், 1990ல இருந்து 1994 வரைக்கும் பூமிய தோண்டிக்கிட்டே போனாங்க, 9101 மீட்டர். அதுக்கு முன்னாடி 1987லயே பக்கத்துல 4000 மீட்டருக்கு ஒரு வெள்ளோட்டம். 83 மீட்டர் டவர் இன்னும் நிக்குது. அவ்ளோ உயரம் ஏன்னா 40 மீட்டர் பைப்ப கழட்டாம அப்படியே நிறுத்தி வைக்கணும், கீழ பாறைய குடையற பிட்டு தேஞ்சா மொத்த பைப்பும் மேல வரணும், அதாவது 200க்கு மேல துண்டு, கழட்டி, மாட்டி, மறுபடியும் எறக்கி... நெனச்சாலே தோள் வலிக்குது.

சரி, ஏன் தோண்டினாங்க? எனக்கு புடிச்சதே இந்த இடம்தான். தேங்காய தட்டிப் பாத்து வாங்குவோம்ல, அதே மாதிரி பெரிய லாரிகள நிறுத்தி, வயித்துக்கு அடியில இருக்கற இரும்புத் தட்ட தரையில அழுத்தி அதிர வைப்பாங்க. மைல் கணக்குல வரிசையா நட்டு வச்ச ஜியோஃபோன்கள், அதாவது தரையோட அதிர்வ கேக்கற கருவிகள், எதிரொலிய பிடிக்கும். நாம நிக்கற பூமியோட மேலோட்டுக்கு அடிமட்டம், பேரு மோஹோ, அதுல பட்டு திரும்பி வர சுமார் 10 செகண்ட். போக அஞ்சு, வர அஞ்சு, செகண்டுக்கு 6 கிலோமீட்டர் வச்சா 30 கிலோமீட்டர் ஆழம். மனக்கணக்கு, அவ்ளோதான்!

ஆனா எதிரொலி கோடு மட்டும்தான் காட்டும், அது என்னன்னு சொல்லாது, தோண்டித்தான் பாக்கணும். ரெண்டு பழங்காலத்து நிலத்துண்டு மோதி ஒட்டின எல்லை 3-லருந்து 5 கிலோமீட்டருக்குள்ள வரும்னு எதிர்பாத்தாங்க. வரவே இல்ல. பாறை அடுக்கு படுத்திருக்கும்னு நெனச்சா முக்கால்வாசி நட்டமா நிக்குது. 7 கிலோமீட்டர் பக்கத்துல பளிச்சுன்னு தெரிஞ்ச கோடு பாத்தா, நொறுங்கிப் போன பிளவு. அவ்ளோ ஆழத்துலயும் பாறை இடுக்குல உப்புத்தண்ணி! நிலத்துக்குள்ள கரண்ட்டு ஈசியா ஓடுதேன்னு மேல இருந்து அளந்தவங்க மண்டைய உடைச்சுக்கிட்டதுக்கு, பிளவுகள்ல படிஞ்சிருந்த கிராஃபைட் பதில் சொல்லுச்சு. நம்ம பென்சில்ல இருக்கற அதே சமாச்சாரம்.

அங்க ஒரு பாறைத்துண்ட தடவிப் பாத்தேன், சாம்பல் கலர், செங்குத்தா கோடு கோடா. சுகமா இருந்துச்சு.

இன்னொரு கூத்து. போட்டியில இருந்த இன்னொரு இடமான பிளாக் ஃபாரஸ்ட்ட விட இங்க சூடு கம்மியா இருக்கும்னுதான் 1986ல இந்த ஊர தேர்ந்தெடுத்தாங்க. கடைசில 9 கிலோமீட்டர்லயே 265 டிகிரி வந்து, பாறை இளகி ஓட்டைய மூடப் பாத்துச்சு, 10 கிலோமீட்டர் கனவு அதோட சரி. மேலோட்டுல மூணுல ஒரு பங்கு கூட தாண்டல.

டிக்கெட் ரேட்டு, டைமிங்லாம் இன்னொரு நாள் எழுதறேன். சாப்பாடு மட்டும் சொல்றேன்: வாசல்ல நட்சத்திரம் தொங்கினா அந்த வீட்ல அன்னிக்கு ட்சோய்கிள்ங்கற உள்ளூர் பீரும் ரொட்டியும் உண்டு. கொடுத்த காசு நியாயம்னு தோணினது அங்க மட்டும்தான்.

50 கோடி மார்க்குக்கு (யூரோவுக்கு முந்தின ஜெர்மன் காசு) மேல கொட்டின ஓட்டை, அடியில 16.5 செண்டிமீட்டர், ஒரு சாண் கூட கெடையாதுன்னு கூட வந்தவன்கிட்ட பெருமையா சொன்னேன். "இதுக்காடா டாக்ஸிக்கு 24 யூரோ குடுத்தோம்?"னான்.