நாலு டிஸ்க், எட்டு டெராபைட்

திருமலைக் கடற்காற்றுக்கு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும். நான் பத்து வருடக் குடும்பப் படங்களை ஒற்றை ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். போன மாதம் அது டிக் டிக் என்றதும் நித்திரை போய்விட்டது.

நாலு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி, வாங்கியாச்சு. ஒவ்வொன்றும் 4 டெராபைட். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் முறைதான் ரெயிட். அதில் ரெயிட் 5 போட்டால் 12 கிடைக்கும், ஒன்று செத்தாலும் பிழைக்கலாம். ஆனால் புது டிஸ்க் மாற்றியதும் மற்ற மூன்றையும் மணிக்கணக்காக வாசித்துத்தான் மீட்கும். அந்த நேரம் இன்னொன்று போனால் எல்லாம் போச்சு. ரெயிட் 6 இல் 8 தான், இரண்டு போனாலும் தாங்கும். அதையே போட்டேன். கோணேசர் திருவிழா வீடியோக்களுக்கு 8 காணும்.

ரெயிட் என்பது பேக்கப் ஆகாது என்று தம்பி படித்துப் படித்துச் சொன்னான். கை தவறி அழித்தால் அழிந்ததுதான். சரி, படங்களின் இன்னொரு பிரதி கண்டியில் அக்கா வீட்டில்.