பாட்டு ஓடினால் உடையும் கன்சோல்: ஒரு கிளாக் டிரைவர் நாட்குறிப்பு

ஜூன் 9, 2025

லினக்ஸ் ஓடும் போர்டில் பாட்டு ஓடினால் சீரியல் கன்சோலில் (போர்டின் செய்திகளைக் கம்பி வழியே எழுத்தாகக் காட்டும் திரை) குப்பை எழுத்து வருகிறது. எல்லாப் பாட்டுக்கும் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஓடும்போது கன்சோல் ஒழுங்காக இருக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பு தொடங்கியதும் எழுத்துகள் உடைகின்றன, பாட்டை நிறுத்தினாலும் சரியாவதில்லை. மறுபடி ஒரு 48 கோப்பை ஓட்டினால் தெளிந்துவிடுகிறது.

கேபிள், மின் இரைச்சல் என்று குழுவில் பேச்சு போகிறது. எனக்கு ஒப்பவில்லை. இரைச்சல் கோப்பின் சாம்பிளிங் வேகம் 44.1-ஆ, 48-ஆ என்று பார்த்து வராது. சிப்பின் பகுதிகளுக்குத் துடிப்பு தரும் கிளாக்கில்தான் தேட வேண்டும்.

ஜூன் 10

லினக்ஸின் மையமான கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டிபக்எஃப்எஸ்-இல் இருக்கும் கிளாக் சம்மரி கோப்பைத் திறந்ததும் விஷயம் வெளிவந்துவிட்டது. உச்சியில் 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அதன் கீழ் ஒரு பிஎல்எல் (கிரிஸ்டலின் துடிப்பிலிருந்து வேறு வேகத்தை உருவாக்கும் சுற்று), அதற்கும் கீழே அதை வகுக்கும் ஒரு டிவைடர். அங்கிருந்து ஒரு கிளை சவுண்டுக்கும் இன்னொன்று சீரியலுக்கும் போகிறது. பூட் ஆனதும் சீரியலின் வரியில் 24000000 என்று இருந்தது. 44.1 கோப்பு ஓடியபின் அதே வரியில் 22579200.

44100-ஐ 512-ஆல் பெருக்கினால் வருவது இந்த எண். 48000-க்கு அது 24576000. ஒன்றிலிருந்து மற்றதை முழு எண்ணால் வகுத்துப் பெற முடியாது, அதனால் சவுண்ட் டிரைவர் (சவுண்ட் பகுதியை இயக்கும் நிரல்) பிஎல்எல்லையே மாற்றச் சொல்கிறது. அதன் கிளாக்கில் செட் ரேட் பேரன்ட் என்ற கொடி (வேகக் கோரிக்கையை மேல் கிளாக்குக்கு அனுப்பச் சொல்லும் குறி) இருப்பதால் கோரிக்கை மேலே ஏறி பிஎல்எல்லை அசைக்கிறது. சவுண்ட் டிரைவர் மேல் குற்றம் இல்லை, தனக்குத் தேவையானதைக் கேட்டிருக்கிறது. பக்கத்துக் கிளைக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

லினக்ஸ் 3.4-இல், 2012-இல், எல்லா சிப்புக்கும் பொதுவான கிளாக் அமைப்பான காமன் கிளாக் ஃப்ரேம்வொர்க் வருவதற்கு முன் ஏஆர்எம் சிப் குடும்பம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கிளாக் அமைப்பை எழுதி வைத்திருந்தது. இன்றைக்கு முழு கிளாக் மரத்தையும் ஒரே கோப்பில் பார்த்துவிடலாம். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மனதார நன்றி.

ஜூன் 11

48-க்கு ஏன் உடையவில்லை என்பது தெரியாமல் விடக்கூடாது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

சீரியல் டிரைவர் ப்ரோப் ஆகும்போது, அதாவது தன் சாதனத்தோடு முதலில் இணையும்போது, ஒருமுறை கிளாக் வேகத்தைக் கேட்டு வைத்துக்கொள்கிறது. கன்சோலின் வேகம் 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்), ஒரு பிட்டுக்கு 16 துடிப்பு. 24 மெகாஹெர்ட்ஸை 16 × 115200-ஆல் வகுத்தால் 13.02, ஆகவே டிவைசர் (வகுக்கும் எண்) 13. கிடைப்பது 115385 பாட், பிழை 0.16 சதவீதம். நல்லது. அடியில் கிளாக் 24.576 ஆனால் அதே 13-க்கு 118154 வரும், 2.6 சதவீதம் வேகம். 22.5792 ஆனால் 108554, 5.8 சதவீதம் மந்தம்.

ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஸ்டார்ட் பிட், எட்டு டேட்டா பிட், ஒரு ஸ்டாப் பிட் என்று போகிறது. பெறுபவர் ஸ்டார்ட் பிட் தொடங்கிய கணத்திலிருந்து நேரத்தை எண்ணி, 9.5 பிட் நேரம் ஆனதும் ஸ்டாப் பிட்டைப் பார்க்கிறார். அனுப்புபவர் 5.8 சதவீதம் மந்தமானால் ஸ்டாப் பிட் 9.55-இல்தான் தொடங்குகிறது. பெறுபவர் பார்க்கும் கணத்தில் கம்பியில் இருப்பது எட்டாவது டேட்டா பிட். ஆஸ்கி எழுத்தில் அது எப்போதும் 0. ஸ்டாப் பிட் 1-ஆக இருக்க வேண்டும், ஆகவே உடனே ஃப்ரேமிங் எரர். 2.6 சதவீத வேகத்தில் விலகல் கால் பிட்டைத்தான் தொடுகிறது, அதனால் தப்பிக்கிறது. 48-இல் எல்லாம் நலம் என்று யாரும் நினைக்கக்கூடாது. எதிர்முனையின் பிழையும் சேர்ந்தால் அதுவும் போய்விடும்.

ஜூன் 13

என்ன செய்யலாம்? சீரியல் டிரைவரில் ஒரு கிளாக் நோட்டிஃபையர் வைத்து, வேகம் மாறியதும் டிவைசரைத் திருப்பிப் போடலாம். 22.5792-க்கு 12 வைத்தால் 117600, பிழை 2.1 சதவீதம். ஓடும், ஆனால் மாறும் கணத்தில் கம்பியில் இருக்கும் பைட் போய்விடும். ரேட் எக்ஸ்க்ளூசிவ் கெட் என்ற அழைப்பைப் போட்டு வேகத்தைப் பூட்டலாம், ஆனால் 44.1-க்குத் தேவையான எண் சவுண்டுக்குக் கிடைக்காது. ஒரு டிரைவருக்காக இன்னொன்றைப் பட்டினி போடுவது எனக்கு உடன்பாடில்லை.

சிப் மேனுவலைப் புரட்டினால் சீரியலுக்கு முன்னால் ஒரு மக்ஸ், பல உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச். அதன் ஒரு உள்ளீடு நேராகக் கிரிஸ்டல். அப்புறம் என்ன யோசனை! போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் அசைன்டு கிளாக் பேரன்ட்ஸ் என்று ஒரு வரி போதும். நிலையான வேகத்தை நம்பி வாழும் டிரைவர், யாரும் அசைக்க முடியாத மூலத்தில்தான் தொங்க வேண்டும்.

ஜூன் 16

மாற்றியாயிற்று, கன்சோல் சுத்தம். ஆனால் பாட்டைத் தொடங்கினால் கெர்னல் "ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்" என்று கத்துகிறது.

இதுவரை சீரியல்தான் பிஎல்எல்லை எப்போதும் உயிரோடு வைத்திருந்தது. இப்போது அதைப் பிடித்திருக்க ஆள் இல்லாததால், யாரும் கேட்காத கிளாக்குகளை பூட் முடிவில் அணைக்கும் வேலையில் கெர்னல் அதையும் அணைத்துவிடுகிறது. சவுண்ட் டிரைவரோ ட்ரிகர் கால்பேக்கில் (பாட்டு தொடங்கும், நிற்கும் கணத்தில் கெர்னல் கூப்பிடும் பகுதி) கிளாக்கை எழுப்பும் ப்ரிப்பேர், எனேபிள் இரண்டையும் ஒன்றாகக் கூப்பிடுகிறது. ட்ரிகர் ஓடுவது தூங்கக்கூடாத இடம், அதாவது சிபியூவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக்கூடாது. பிஎல்எல் ஏற்கெனவே ஓடியவரை ப்ரிப்பேருக்கு எண்ணிக்கையைக் கூட்டுவதைத் தவிர வேலை இருக்கவில்லை. இப்போது பிஎல்எல் லாக் ஆகும்வரை (வேகம் நிலைக்கும்வரை) உண்மையிலேயே காத்திருக்க வேண்டும், அதற்குத் தூங்கியாக வேண்டும்.

இந்த இரண்டு அழைப்புகளைப் பிரித்து வைத்ததே இதற்காகத்தான். ப்ரிப்பேர் மியூடெக்ஸ் என்ற பூட்டை எடுக்கும், தூங்கலாம். எனேபிள் ஸ்பின்லாக் என்ற பூட்டை எடுக்கும், தூங்காது, கிளாக்கின் வாயிலைத் திறந்துவிட்டுத் திரும்பிவிடும். புதிதாக டிரைவர் எழுதுபவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்யும் அழைப்பை மட்டும் கற்றுக்கொண்டு போகிறார்கள். அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஜூன் 17

ப்ரிப்பேரை, பாட்டின் வேகம் முதலியவற்றை அமைக்கும் ஹெச்டபிள்யூ பாராம்ஸ் கால்பேக்குக்கு நகர்த்தினேன், அங்கே தூங்கலாம். எனேபிள் மட்டும் ட்ரிகரில். அதைத் திருப்பும் அன்ப்ரிப்பேர், அந்த அமைப்பை விடுவிக்கும் ஹெச்டபிள்யூ ஃப்ரீயில். ஹெச்டபிள்யூ பாராம்ஸ் ஒரே ஸ்ட்ரீமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழைக்கப்படலாம் என்பதால், ஏற்கெனவே ப்ரிப்பேர் செய்தாயிற்றா என்று ஒரு கொடி வைத்துப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், இறங்காது.

44.1, 48 இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிக் கிளாக் சம்மரியைப் பார்த்தேன். பாட்டு ஓடும்போது பிஎல்எல்லின் எனேபிள் எண்ணிக்கை 1, நிறுத்தியதும் 0. சீரியல் வரியில் 24000000 அசையவில்லை. சஸ்பெண்ட், ரெஸ்யூம் சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டிருக்கிறேன். அது தேறினால் பேட்சை இரண்டாகப் பிரித்து அனுப்புவேன், சவுண்ட் திருத்தம் முதலில், டிவைஸ் ட்ரீ வரி அதன் பிறகு.