தேர்வு முடிவுக்கு முந்தைய வாரம்

பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளியாகும்போதெல்லாம், "மார்க் குறைந்துவிட்டது டீச்சர், பிள்ளை யாரிடமும் பேசவில்லை, நாங்கள் என்ன சொல்லித் தேற்றுவது?" என்று பெற்றோர் என்னை அழைப்பதுண்டு. மேல்நிலை வகுப்புகளுக்கு நீண்ட காலம் வேதியியல் நடத்தியவள் என்ற முறையில் அவர்களுக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டிய காலம் முடிவு வந்த பிற்பகல் அல்ல, அதற்கு முந்தைய வாரம் என்பதே என் உறுதியான எண்ணம். முடிவு வந்த பிறகு பெற்றோர் சொல்லும் ஆறுதலைப் பிள்ளை எளிதில் நம்புவதில்லை. மதிப்பெண் தெரியாத நாளில் சொன்ன சொல்லைத்தான் அது நம்புகிறது.

முன்பெல்லாம் பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியில், பிள்ளைக்கு அழவோ ஒரு நண்பனோடு உட்காரவோ சிறிது நேரம் கிடைத்தது. இப்போது மதிப்பெண் குறுஞ்செய்தியாகக் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அது வந்த சில நிமிடங்களில் சித்தப்பாவும் அத்தையும் அழைக்கிறார்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவருடைய பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் வந்து விழுகிறது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டிலேயே கைவிட்டது, அது நல்ல முடிவு. ஆனால் அரசு விட்டதைச் சொந்தக்காரர்கள் இன்னும் விடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தந்தை, சொந்தமாக ஒரு தையல் கடை வைத்திருப்பவர், முடிவு வருவதற்குச் சில நாள்களுக்கு முன் இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் பேசியதை அந்தப் பெண்ணே பின்னர் என்னிடம் சொன்னாள். "பாப்பா, எவ்வளவு வந்தாலும் முதலில் என்கிட்டதான் சொல்லணும். அன்றைக்குக் கடை திறக்க மாட்டேன், வீட்டில்தான் இருப்பேன். யார் போன் பண்ணினாலும் நானே எடுத்துப் பேசிக்கிறேன், நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்" என்று அவர் சொன்னாராம். அதோடு நிறுத்தாமல், ஒரு பாடத்தில் தேர்ச்சி இல்லையென்றால் அதே ஆண்டில் நடக்கும் துணைத்தேர்வை எழுதலாம், எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம், கேட்ட கல்லூரி கிடைக்கவில்லையென்றால் அடுத்து எங்கே கேட்பது என்று பள்ளியில் விசாரித்து வைத்திருந்ததை மகளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அந்தப் பேச்சில் நான் மிகவும் மதிப்பது, "பார்த்துக்கலாம், கவலைப்படாதே" என்ற பொதுவான ஆறுதல் அதில் இல்லாமையைத்தான். கடை மூடியிருக்கும் என்பதும், போனை யார் எடுப்பது என்பதும், துணைத்தேர்வுக்கு வழி உண்டு என்பதும் பிள்ளை கையால் பிடித்துக்கொள்ளக்கூடிய செய்திகள். தேர்வில் தோற்ற பிள்ளைகளோடு பேசிப் பார்த்தால், பெரும்பாலோரை வாட்டுவது மதிப்பெண் அல்ல, "அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்" என்ற கேள்வி என்பது தெரியும். அந்தக் கேள்விக்கான விடையை அப்பாவே முன்கூட்டிச் சொல்லிவிடுவதைவிடப் பெரிய பாதுகாப்பு அந்த வாரத்தில் வேறு இல்லை.

"உனக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தோம்" என்று பெற்றோர் சொல்வதைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் அது உண்மை. நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய தாய்மார்களை நான் அறிவேன். எனினும் பதினேழு வயதுப் பிள்ளையின் காதில் அது அன்பாக விழுவதில்லை, அடைக்க முடியாத கடனுக்கு எழுதிய பத்திரமாக விழுகிறது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது ஏப்ரல், மே மாதங்களில் சொல்லாதிருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மனச்சோர்வு என்றால் பிள்ளை மூலையில் உட்கார்ந்து அழும் என்று பலர் நினைக்கிறார்கள். வளரிளம் பருவத்தில் அது பெரும்பாலும் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படுகிறது, அதனால் வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர் விழுந்துவிடுகிறது. மனப்பதற்றம் வயிற்று வலியாகவும் தலைவலியாகவும் வருகிறது. என் வகுப்பில் ஒரு மாணவிக்குத் திங்கட்கிழமைகளில் மட்டும் முதல் பாடவேளையிலேயே வயிறு வலிக்கும். முகம் வெளுத்து, உள்ளங்கை வியர்த்து, மேசையில் தலை சாய்ப்பாள். ஸ்கேன் எடுத்தும் ஒன்றும் தெரியவில்லை, "நடிக்கிறாள் டீச்சர்" என்றார் அவள் அம்மா. வாரத் தேர்வு நடப்பது திங்கட்கிழமைகளில்தான் என்பதை இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசியபோதுதான் கவனித்தோம். அவளுக்கு வலி உண்மையாகவே இருந்தது, அது கிளம்பிய இடம் மட்டும் வேறு.

ஒரு நாள் முகவாட்டத்துக்கெல்லாம் பதற வேண்டியதில்லை. பசியின்மை, தூக்கக்கேடு, பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு விலகுதல், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ, ஆசையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு பதினான்கு வயதுக்கு முன்பும், பாதியளவு பதினெட்டு வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே பிளஸ் டூ வரும்வரை இவற்றைக் கவனிக்காமல் இருந்துவிடக் கூடாது.

சந்தேகம் வந்தால் நேராகக் கேட்டுவிடுவதே நல்லது. "உயிரோடு இருக்க வேண்டாம் என்று உனக்கு எப்போதாவது தோன்றுகிறதா, கண்ணு?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்பதே ஆய்வுகள் காட்டுவது, பல பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி பெரும் நிம்மதியைத் தருகிறது. ஆம் என்று பதில் வந்தால் அறிவுரை சொல்லத் தொடங்காமல், அழவும் கத்தவும் செய்யாமல், பக்கத்திலேயே இருந்து முழுவதையும் கேட்க வேண்டும். அன்றிரவு பிள்ளையைத் தனியாகப் படுக்க விடக் கூடாது.

தாங்க முடியாத அந்த உந்துதல் பெரும்பாலும் குறுகிய நேரமே நீடிப்பது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தாலே உயிர் தப்பிவிட வாய்ப்புண்டு. இதை மனத்தில் வைத்துத்தான் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், விவசாயிகள் தங்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைத்து எடுக்கும் ஓர் ஏற்பாட்டை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் இன்றும் மருந்து டப்பாக்கள் திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடக்கின்றன. விவசாயக் குடும்பத்துப் பெற்றோர் அவற்றையும், வீட்டிலுள்ள பெரியவர்களின் மாத்திரைகளையும் இந்தப் பருவத்திலாவது பூட்டி வைத்துச் சாவியைத் தங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது என்ற கேள்விக்கு நம் மாநிலத்தில் விடை இல்லாமல் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிகள் பிரிவு உண்டு, அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை. 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலிமானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட, தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பின் தன்னார்வலர்கள் 044-24640050 என்ற எண்ணில் பேசுகிறார்கள். பிள்ளை மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோரும் இந்த எண்களை அழைக்கலாம்.

வெளியே தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள், நாளைக்குப் பெண்ணுக்கு வரன் அமையுமா என்ற அச்சம்தான் பலரைக் கட்டிப்போடுகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை வெளியே சொல்லாமல் காக்கும் உரிமையை அளிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே போலீஸுக்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்ப்பதற்கு இன்று எந்தக் காரணமும் இல்லை. கோயிலுக்கோ தர்காவுக்கோ போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், அதற்காக மருத்துவரைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். மருத்துவர் மாத்திரை கொடுத்தால், பிள்ளை சிரிக்கத் தொடங்கியதும் தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது.

தோற்ற பிள்ளையை மட்டும் கவனித்தால் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபது வாங்கிவிட்டு ஐந்நூற்றுத் தொண்ணூறு வரவில்லையே என்று உடைந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் எல்லோரும் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடிக்கொண்டிருந்ததால் அவர்களால் அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. பொதுத்தேர்வு முடிவோடு எல்லாம் முடிவதுமில்லை. நீட் முடிவும் கல்லூரிக் கலந்தாய்வும் அடுத்தடுத்து வருகின்றன, பிறகு வீட்டைப் பிரிந்து விடுதியில் தங்கும் முதல் பருவம் வருகிறது. அந்த மாதங்களில் போனில் பேசும்போது, இன்டர்னல் மார்க் எவ்வளவு என்று தொடங்காமல், ராத்திரி தூங்கினாயா, சாப்பாட்டுக்கு யாரோடு போகிறாய் என்று முதலில் கேளுங்கள். தனியாகத்தான் போகிறேன் என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால், அந்த வாரமே ஒரு நடை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.