ஆரஞ்சு வால் பொம்மீனைத் தேடிப் போகிறவர்களுக்கு

பொம்மீன் என்கிற மஹ்சீரைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் காவிரிக்குப் போகுமுன் சிருங்கேரிக்குப் போய்விடுவது நல்லது. சாரதாம்பாள் கோயிலை ஒட்டி ஓடும் துங்கையில் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. படித்துறையில் பொரி தூவினால் காலடிக்கே வந்து மொய்க்கும். கண்ணைப் பழக்கிக்கொள்ள இதைவிடத் தோதான இடம் இல்லை.

பொரிக்கு வாய் திறக்கும்போது பாருங்கள். தடித்த, சதைப்பற்றான உதடு, இரண்டு ஜோடி மீசை. தாடையில் பல் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. நண்டையும் நத்தையையும் அங்கே வைத்துத்தான் நொறுக்கும். செதில்கள் பெரியவை. செவுள்மூடியிலிருந்து வால்வரை பக்கக்கோட்டில் எண்ணினால் 25 முதல் 30 வரைதான் வரும். ரோகுவுக்கு அதே கோட்டில் 40க்குக் குறையாது. வெயில் படும்போது ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரிவது அதனால்தான்.

துங்கையில் இருப்பது நீலத்துடுப்பு மஹ்சீர், அறிவியல் பெயர் டோர் குத்ரீ. கிருஷ்ணா படுகைக்குச் சொந்தமான மீன். காவிரியின் சொந்த மீன் வேறு: திமில் மஹ்சீர், டோர் ரெமாதேவி. தலையின் பின்பகுதியிலேயே முதுகு சட்டென மேலேறி, முதுகுத்துடுப்பு தொடங்கும் இடம்வரை திமிலாக நிற்கும். வால் பளிச்சென்ற ஆரஞ்சு. உதட்டின் தடிப்பை வைத்து இனம் பிரிக்க வேண்டாம், அது மீனுக்கு மீன் மாறும். வாலும் திமிலும்தான் நம்பத்தக்க அடையாளம். 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் மைசூர்க்காரர் வான் இங்கன் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. மகாராஷ்டிரத்தின் லோனாவாலா மீன்பண்ணையில் பொரித்த குத்ரீ குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டார்கள். அவை பெருகின; ஆரஞ்சு வால் அருகியது. 2018இல் ரெமாதேவி உலகச் சிவப்புப் பட்டியலில் மிக மோசமான அபாய நிலையில் சேர்க்கப்பட்டது. காவிரியில் இன்று கண்ணில் படும் மஹ்சீரை உடனே காவிரி மீன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வால் நிறத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்து ஒகேனக்கல். இங்கே மீனைவிட முதலில் தண்ணீரைப் படிக்க வேண்டும். பாறைகளுக்கிடையே நுரைத்து இறங்கும் ஓட்டம், அதன் கீழே ஆழமான மடு, மடு முடியும் இடத்தில் கூழாங்கல் பரப்பு: இந்த மூன்றும் அடுத்தடுத்து அமைந்த இடம்தான் மஹ்சீருக்கு வீடு. நுரையில் பிராணவாயு கரைகிறது, மடு கோடையில் ஒதுங்க இடம் தருகிறது, கூழாங்கல்லில் முட்டை தங்குகிறது. உச்சிவெயிலில் பெரிய பாறைகளின் நிழலோரம் தேடுங்கள். விடியலிலும் அந்தியிலும் மடுவின் வால்பகுதிக்கு இரை தேடி வரும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும், ஆனால் உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. போலராய்டு கண்ணாடி இல்லாமல் போனால் மேற்பரப்பின் பளபளப்பு மட்டும்தான் தெரியும். பாறையில் தடதடவென்று நடந்தால் அதிர்வு தெரிந்து மீன் ஆழத்துக்குப் போய்விடும். தண்ணீர் தெளிந்திருக்கும் ஜனவரி முதல் மே வரை நல்ல காலம். மேலே அணை திறந்தால் ஆறு கலங்கிவிடும், பரிசலும் நின்றுவிடும். முதலை உள்ள ஆறு இது. மடுவோரம் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

மழைக்காலத்தில் வெள்ளம் ஏறியதும் மஹ்சீர் எதிர்நீச்சலில் கிளையாறுகளுக்கு ஏறிப்போய்க் கூழாங்கல்லில் முட்டையிடும். முட்டை பொரிய மூன்று நான்கு நாளாகும். பொரிந்த குஞ்சும் உடனே நீந்தாது, கற்களின் இடுக்கிலேயே கிடக்கும். இந்தச் சில நாட்கள்தான் கண்டம். சேறு படிந்தால் முட்டைக்கு மூச்சு முட்டும். மின்நிலையத்தில் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் கரையோரக் கல் காய்ந்து குஞ்சு சாகும். மணலும் கல்லும் அள்ளப்பட்ட படுகையில் முட்டை தங்க இடமே இருக்காது. 1934இல் முடிந்த மேட்டூர் அணை போன்ற தடுப்புகளைத் தாண்டி மேலேறவும் மீனால் முடியாது. வெடி வீசினாலோ ஒரே நொடியில் மடுவில் உள்ள பெரிய மீனும் குஞ்சும் சேர்ந்தே போய்விடும். மெதுவாக வளரும் மீன் என்பதால் அந்த மடு மறுபடி நிறைய வெகுகாலம் பிடிக்கும். என் கணிப்பில் எல்லாவற்றிலும் கொடியது இந்த வெடிதான்.

திமில் மஹ்சீர் இன்றும் இருப்பது உறுதியான இடங்களில் மோயாறு முக்கியமானது. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே பள்ளத்தாக்கில் ஓடிப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. புலிகள் காப்பகம், யானைத் தடம். வனத்துறை அனுமதியின்றி ஆற்றங்கரைக்கு இறங்கக் கூடாது. காப்பகத்துக்குள் தூண்டில் போடுவதற்கும் இடமில்லை; ராகி உருண்டை, கொக்கியையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு, தொலைநோக்கியை எடுத்துப் போங்கள்.